வெறுங்காலோடு வந்தவன்

அவன் வாயைத் திறந்தால் ரீல்தான் ஓடும். ஆகவே ஊர் அவனுக்கு ரீல் என்றே பெயர் வைத்துவிட்டது. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் அடையாள அட்டைக்குள் பத்திரமாகத் தூங்குகிறது. தபால்காரர் வந்தால் மட்டும் எழுந்து ஒரு கொட்டாவி விடும்.

ஒருமுறை அவனுக்குக் காய்ச்சல் வந்தது. எவ்வளவு என்று கேட்டதற்கு, தெர்மாமீட்டர் வெடித்துவிட்டது என்றான். அவன் பிடித்த மீன்கள் சொல்லச் சொல்ல வளரும். காட்டுவதற்கு இரண்டு கை போதாமல் பக்கத்தில் நிற்பவனின் கையையும் பிடித்து விரிப்பான். ஊர்க்காரர்கள் அவன் சொன்னதில் பாதியைக் கழித்துவிட்டு, மிச்சத்தையும் ஈரத்துணி மாதிரி ஒருமுறை உதறிய பிறகுதான் உள்ளே எடுத்துக்கொள்வார்கள்.

ஆனால் தண்ணீருக்குள் அவன் பொய் சொன்னதில்லை. இதையும் அதே ஊர்தான் சொல்லும்.

அந்த ஊருக்கு இருப்பது ஒரே தெரு. தெரு போய் முட்டுகிற இடத்தில் ஒரு சுண்ணாம்புக்கல் குன்று. குன்றின் வயிற்றில் குகை, குகை நிறையத் தண்ணீர், அந்தத் தண்ணீரில் நீந்தலாம். இந்த ஒரு காரணத்துக்காகத்தான் வேன் வேனாக ஜனம் வந்து இறங்குகிறது. முதலில் வருவது முற்றம். கூரையில் பெரிய ஓட்டை. அதன் வழியே வெயில் தூணாக இறங்கும். தண்ணீர் பச்சைக் கண்ணாடியாக நிற்கும். எல்லாரும் வாயைப் பிளந்து ஃபோட்டோ எடுப்பார்கள். அதைத் தாண்டினால் இடுக்கு. ஒருவர் பின் ஒருவராக, சுவரில் கட்டியிருக்கும் கயிற்றைப் பிடித்தபடிதான் நீந்த முடியும். இடுக்கு கொண்டுபோய் விடுவது உள்ளறையில். அங்கே நெற்றி விளக்கை அணைத்தால், கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். உள்ளறையின் மூலையில், தண்ணீருக்கு அடியில், ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு துளை. அதற்குத் தொண்டை என்று பெயர். வழிகாட்டிகள்கூட அதற்குள் போவதில்லை. தொண்டைக்குள் போனது எது திரும்பி வந்திருக்கிறது?

ரீல் அங்கே வழிகாட்டி. ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னால் போகிறவர் தலை, கடைசியில் வருகிறவர் வால். ரீல் எப்போதும் வால். யாரும் பின்தங்காமல் பார்ப்பது, களைத்தவர்களுக்கு இடுப்புக் கயிற்றின் வளையத்தைப் பிடிக்கக் கொடுத்து இழுத்து வருவது, எல்லாரும் போன பிறகு உள்ளறையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவது எல்லாம் வாலின் வேலை. எல்லாரையும்விட நன்றாக நீந்துகிறவனைத்தான் வாலாக வைப்பார்கள். "நான் வாலு. குரங்குக்கே அதுதான் முக்கியம்" என்று குகை பார்க்க வருகிற விருந்தாளிகளிடம் பீற்றிக்கொள்வான்.

குகைக்குள் கத்திப் பிரயோஜனம் இல்லை. ஒரு வார்த்தை போட்டால் சுவர்கள் பத்தாக உடைத்துத் திருப்பித் தரும்; எதுவும் விளங்காது. அதனால் ஒவ்வொரு வழிகாட்டியின் இடுப்புப் பையிலும் இரண்டு கூழாங்கற்கள் இருக்கும். ஆளைக் காணவில்லை என்றால் தண்ணீருக்குள் கல்லோடு கல்லைத் தட்ட வேண்டும். தண்ணீர் போகிற இடமெல்லாம் அந்தச் சத்தமும் போகும். காதில் விழுவதற்குமுன் பல்லில் விழும். விழுந்ததும் விருந்தாளிகளைக் கரையேற்றிவிட்டு மற்ற வழிகாட்டிகள் எல்லாரும் தட்டிய இடத்துக்கு வந்துவிட வேண்டும்.

தப்பாகத் தட்டிவிட்டால்? அதற்கும் ஒரு வழக்கம் உண்டு. தட்டியவர் எல்லாருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். அன்று பொழுது சாயும்வரை கிண்டல் செய்வார்கள், விடிந்தால் மறந்துவிடுவார்கள். பயம் வந்தால் யோசிக்காமல் தட்டட்டும் என்றுதான் தண்டனையை அத்தனை மலிவாக வைத்திருந்தார்கள்.

அந்த மலிவைக் கெடுத்தவன் ரீல்தான். அவன் மனைவியின் தம்பியும் அங்கே வழிகாட்டி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வவ்வால் முகத்தில் மோத, பையன் அலறிப் புடைத்துக் கல்லைத் தட்டிவிட்டான். டீ வாங்கித் தந்தான். எல்லாரும் மறந்தார்கள். ரீல் மட்டும் மறக்கவில்லை. அந்த வவ்வால் வாரத்துக்கு வாரம் பெருத்தது. கோழி அளவானது, வான்கோழியானது, கடைசியில் பல்லைக் காட்டிச் சிரித்தது. மைத்துனனின் கல்யாணத்தில் ரீல் மைக்கை வாங்கி, அந்த வவ்வால் வாழ்த்துச் சொல்லி அனுப்பியிருப்பதாக அறிவித்தான். மாப்பிள்ளை சிரித்தான். சிரித்த வாய் கொஞ்சம் கோணியிருந்ததை ரீல் பார்த்தான். பார்த்தும், கை தட்டுகிற பக்கம் திரும்பிக்கொண்டான். இன்றைக்கும் அந்தப் பையனுக்கு ஊரில் வவ்வால் என்றுதான் பெயர்.

மனைவிக்குச் செருப்பக்கா என்று பெயர். குகை வாசலில் செருப்புக் காப்பது அவள் வேலை. சும்மா காவல் என்று நினைத்துவிடக் கூடாது, உள்ளே இருக்கும் ஆட்களின் கணக்கே அதுதான். டிக்கெட்டை எண்ணலாமே என்று கேட்பவர்கள் உண்டு. டிக்கெட் குடும்பத்துக்கு ஒன்று. ஒரு குடும்பத்தில் எத்தனை பேர் என்பது பல குடும்பங்களுக்கே தெரியாது. ஆனால் பாறையில் நடந்து வருகிறவர்கள் செருப்பில்லாமல் வர முடியாது, செருப்போடு நீந்தவும் முடியாது. எத்தனை ஜோடி மரத்தட்டில் நிற்கிறதோ அத்தனை பேர் தண்ணீருக்குள். சாயங்காலம் தட்டு காலியானால் குகையும் காலி. அவள் "காலி" என்று சொன்ன பிறகுதான் டிக்கெட்டம்மா இரும்புக் கதவைப் பூட்டுவார்.

ரீல் சொல்லும் கதைக்கு ஊரில் சிரிக்காத ஒரே ஆள் அவள்தான். கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிங்க, நிஜமா என்ன நடந்துச்சு?" என்பாள். அவனும் ஆணி பிடுங்கின பலகை மாதிரி நிஜத்தை மொட்டையாகச் சொல்லிவிடுவான். அதற்காகத்தான் அவளைக் கட்டிக்கொண்டான் என்று ஒரு பேச்சு உண்டு. நாள் முழுக்க ரீல் விடுகிறவனுக்கும் சாயங்காலம் உட்கார ஒரு இடம் வேண்டாமா?

அன்றைக்குத் தையல் கம்பெனி ஒன்றிலிருந்து ஒரு வேன் நிறையப் பெண்கள் வந்திருந்தார்கள். கூடவே நாலைந்து குடும்பங்கள், பூப்போட்ட தொப்பி வைத்த ஒரு அம்மா. ரீலுக்குக் காலையிலிருந்து நல்ல கூட்டம். நெற்றி விளக்குக்குச் சார்ஜ் போட வேண்டிய நேரத்தில் வேன் டிரைவருக்கு ஒரு மீனை வளர்த்துக்கொண்டிருந்தான்.

உள்ளறையைப் பார்த்துவிட்டு எல்லாரும் இடுக்கு வழியாகத் திரும்பிவிட்டார்கள். ரீல் வழக்கம்போலத் தனியாக ஒரு சுற்றுப் போனான். பாதிச் சுற்றில் விளக்கு மங்கி, இருமி, அணைந்தது. பரவாயில்லை, அவனுக்குக் கண் கட்டினாலும் வழி தெரியும். கையை வீசினான். அப்போது ஏதோ ஒன்று அவன் கணுக்காலைப் பிடித்தது.

உதறினான். பிடி இறுகியது. உதைத்தான். இன்னும் இறுகியது, இழுக்கவும் செய்தது. அவன் இருந்த இடமோ தொண்டைக்குப் பக்கம். இத்தனை வருஷம் அவன் விருந்தாளிகளுக்கு விட்ட கதைகள் எல்லாம், நீளமான கை வைத்த பாட்டன் மீன் உட்பட, ஒன்றாகச் சேர்ந்து அவன் காலைப் பிடித்துக்கொண்டதுபோல் இருந்தது. அவன் கை தானாகப் பைக்குள் போயிற்று. தட்டினான். தட்டு தட்டென்று தட்டினான்.

சுவரில் முதுகு முட்டி நின்ற பிறகு காலைத் தடவிப் பார்த்தான். கயிறு. அவனுடைய இடுப்புக் கயிறுதான். முடிச்சு அவிழ்ந்து தொங்கிய வளையத்துக்குள் அவனே காலை விட்டிருந்தான். உதைக்க உதைக்க அவன் இடுப்பே அவன் காலை இழுத்திருக்கிறது.

இடுக்கிலிருந்து வெளிச்சம் பாய்ந்து வந்தது. முதலில் வந்தவன் வவ்வால்தான். மூச்சிரைக்க, கண் வெளியே வர, "யாரு மாமா? எங்க?" என்றான்.

கயிறு இன்னும் கணுக்காலில் இருந்தது. அதைத் தூக்கிக் காட்டினால் போதும். ஒரு சுற்று டீ, ஒரு நாள் சிரிப்பு. ஆனால் ரீலின் கண்முன் தெரிந்தது கல்யாண மைக்தான். இனி அந்த மைக் யார் கைக்குப் போகும் என்று தெரிந்தது. தண்ணீருக்குள்ளேயே மெதுவாகக் காலை வளையத்திலிருந்து உருவினான். அதற்குள் வாய் தன் பழைய வேலையைச் செய்துவிட்டது.

"ஒருத்தன்டா... கீழ போயிட்டான்."

"எங்க மாமா?"

"அங்க." தொண்டைக்கு எதிர்ப்பக்கம், ஆழம் குறைந்த மூலையைக் காட்டினான். பையன் ஆழத்துக்குப் போகக் கூடாதே என்ற நல்லெண்ணம். பொய்யிலும் ஒரு பொறுப்பு.

வவ்வால் அடுத்த வார்த்தை கேட்கவில்லை. முங்கிவிட்டான்.

ரீல் வெளியே வந்தபோது விருந்தாளிகள் துண்டைப் போர்த்திக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தையல் கம்பெனி சூப்பர்வைசர் தன் பெண்களைத் தலை தலையாகத் தொட்டு எண்ணினார், எல்லாரும் இருந்தார்கள். குடும்பங்களும் முழுசாக இருந்தன. அப்படியானால் தனியாக வந்து கூட்டத்தோடு நுழைந்தவன். டிக்கெட்டம்மா கையில் எப்போதும் இருக்கும் ஒலிபெருக்கியை ரீலின் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"எப்படிப்பா இருந்தான்?"

"ஒல்லியா... மஞ்ச டவுசர்."

"லைஃப் ஜாக்கெட்?"

"நீச்சல் தெரியும், வேணாம்னுட்டான்."

"ஐயோ, நான் பாத்தேனே!" என்று அலறினார் பூத்தொப்பி அம்மா. "மஞ்ச டவுசர், ஒல்லியா, பாவம்! என்னைப் பாத்துச் சிரிச்சான்கூட!"

ரீல் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தான். அந்த அம்மா பொய் சொல்லவில்லை, உண்மையாகவே அழுதுகொண்டிருந்தார். தையல் கம்பெனிப் பெண் ஒருத்திக்கு அவன் காதில் கம்மல் போட்டிருந்ததாக ஞாபகம் வந்தது. இன்னொருத்திக்கு அவன் லேசாக இருமியது ஞாபகம் வந்தது. ரீல் ஒரு டவுசரைத்தான் கொடுத்தான். கூட்டம் அதற்குள் ஒரு ஆளையே நிரப்பிவிட்டது. "அவங்கம்மா எங்க உக்காந்து வழி பாத்துட்டிருக்காளோ" என்று பூத்தொப்பி அம்மா தேம்ப, இல்லாத அந்தத் தாயை ரீலின் கண்ணும் கூட்டத்தில் ஒருமுறை தேடியது.

"செருப்பு எல்லாம் போயிடுச்சும்மா." பின்னாலிருந்து ஒரு குரல். செருப்பக்கா காலித்தட்டின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். "அத்தனை ஜோடியும் எடுத்துட்டாங்க. ஒண்ணுகூட மிச்சமில்ல. உள்ள யாரும் இருக்க முடியாது."

எல்லாரும் ரீலைப் பார்த்தார்கள். இங்கேயும் ஒரு வாசல் திறந்திருந்தது. கொஞ்சம் குனிந்தால் வெளியே வந்திருக்கலாம்.

"அவன் வெறுங்காலோட வந்தான்" என்றான் ரீல்.

டிக்கெட்டம்மாவின் ஒலிபெருக்கி செருப்பக்கா பக்கம் திரும்பியது. அதை அணைக்க அவருக்கு ஞாபகமில்லை. ஏச்சு குன்று முழுக்கக் கேட்டது. "ஏம்மா, ஒரு ஆளு வெறுங்காலோட உன்னைத் தாண்டிப் போயிருக்கான்! கண்ணு எங்க இருந்துச்சு? உன்னை நம்பித்தானே நான் கதவைப் பூட்டறேன்? இதுக்கு முன்னாடி எத்தனை பேரை உள்ள வச்சுப் பூட்டினோமோ, யாருக்குத் தெரியும்!"

செருப்பக்கா தட்டை விட்டு வந்தாள். புருஷனை ஓரமாகக் கூட்டிப்போனாள். லைஃப் ஜாக்கெட்டுகள் சொட்டச் சொட்டத் தொங்கும் கொடிக்குப் பின்னால் இருவரும் நின்றார்கள். அவன் கணுக்காலில் கயிறு அறுத்த சிவப்புத் தடம் இருந்தது. அவன் அந்தக் காலை இன்னொரு காலுக்குப் பின்னால் ஒளித்தான்.

"சரிங்க, நிஜமா என்ன நடந்துச்சு?"

கோபமே இல்லாத குரல். வீட்டில் தட்டை நகர்த்திவைத்துக்கொண்டே கேட்பாளே, அதே குரல்.

"நிஜமாத்தான் சொல்றேன். வெறுங்காலோட போனான். நீ கீழ குனிஞ்சு எதையோ அடுக்கிட்டிருந்த, கவனிக்கல."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டிக்கொண்டாள். தண்ணீர் விஷயத்தில் இவன் பொய் சொல்லமாட்டானே. அப்படியானால் தப்பு வேறு எங்கேயோதானே இருக்க வேண்டும்? கொடியை விலக்கிக்கொண்டு வெளியே போனாள். எல்லார் முன்னாலும், பள்ளிக்கூடத்தில் எழுந்து நிற்கிற பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள்.

"தப்பு என்னோடதுதாம்மா. நான் குனிஞ்சு அடுக்கிட்டு இருந்திருக்கேன். போனவனை நான் பாக்கல."

ஜாக்கெட்டுகளுக்குப் பின்னால் ரீல் நின்றுகொண்டிருந்தான். ஒரு ஜாக்கெட்டிலிருந்து தண்ணீர் அவன் கழுத்துக்குள் சொட்டியது. நகரவில்லை. அந்தச் சொட்டாவது தன்னை அடிக்கட்டும் என்று நின்றான்.

ரீல் திரும்பி உள்ளே போனபோது நிலைமை வேறு விதமாகிவிட்டிருந்தது. ஆழம் குறைந்த மூலையில் தேடுவதற்கு எவ்வளவு இருக்கும்? அங்குலம் அங்குலமாகத் தடவிவிட்டார்கள். ஆள் இல்லை. இங்கே இல்லை என்றால் அடிநீரோட்டம் எங்கே இழுத்திருக்கும்? எல்லா விளக்குகளும் தொண்டைப் பக்கம் திரும்பின. ரீல் காட்டிய பத்திரமான மூலைதான் அவர்களைத் தொண்டைக்கு அனுப்பியது.

வவ்வால் இடுப்பில் நீளக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். மற்ற இரண்டு வழிகாட்டிகளுக்கும் உடம்பு பெரிது, நுழையாது.

"வேணாம்டா மாப்ள" என்றான் ரீல். "அதுக்குள்ள போனவன் இந்நேரம் உயிரோடவா இருப்பான்? நீ ஏன்?"

"உயிரோட இல்லன்னாலும் வீட்டுக்கு அனுப்பணும்ல மாமா." வவ்வாலின் உதடு நீலம் பாரித்திருந்தது. பல் தந்தியடித்தது. அப்படியும் சிரித்தான். "அதுவுமில்லாம, அக்கா வெளிய எல்லார்கிட்டயும் பேச்சு வாங்கிட்டு நிக்கிறா. ஆளு கிடைச்சாலாவது கொஞ்சம் அடங்குவாங்க. நீங்க கயித்தைப் பிடிங்க."

கயிற்றைப் பிடித்தான். பையன் மூச்சை இழுத்து உள்ளே போனான். கயிறு கைக்குள் இருந்து நழுவி நழுவிப் போனது. ரீல் பொதுவாக மூச்சை எண்ணுகிறவன். அன்றைக்கு எண்ணத் தெரியவில்லை. வந்தான். தோள்பட்டையில் பாறை சீவி ரத்தம். "குறுகலா இருக்கு, ஆனா போகலாம்" என்றான். மறுபடி போனான். கயிறு போனது, நின்றது, கொஞ்சம் ஆடியது, நின்றது.

இரண்டாவது தரம் மேலே வந்தபோது வவ்வால் கத்திக்கொண்டே வந்தான். கையில் ஏதோ துணி. பாசி பிடித்து நூல் நூலாகத் தொங்கியது. எந்தக் காலத்திலோ எவரோ தொலைத்த துண்டின் கிழிசல்.

"கிடைச்சிருச்சு மாமா! துணி! இங்கதான் இருக்கான்! இன்னும் ஒரே மூச்சு, கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்துடறேன்!"

அவ்வளவு சந்தோஷமாக அவன் இருந்து ரீல் பார்த்ததில்லை. மூக்கிலிருந்து ரத்தம் உதட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது. அதைத் துடைக்கக்கூட நேரமில்லாமல் அடுத்த மூச்சுக்கு வாயைத் திறந்தான். ரீல் அவன் மணிக்கட்டைப் பிடித்தான்.

"யாரும் இல்லடா!"

சுவர்கள் அந்த வார்த்தையை வாங்கின. இல்லடா, லடா, டா என்று அறை முழுக்க இறைத்தன.

"என்ன மாமா?"

வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு நிஜத்தைக் கத்திச் சொன்னான், அதுவும் போய்ச் சேரவில்லை. மறுபடி சொல்ல வேண்டும். மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக, எல்லாருக்கும் கேட்கும்படி. இரண்டு வழிகாட்டிகளும் விளக்கை அவன் முகத்தில் அடித்தார்கள். அந்த வெளிச்சத்தில் அவனால் கண்ணைத் திறக்க முடியவில்லை. திறக்காமலே சொன்னான்.

"அப்படி ஒருத்தன் வரவே இல்ல. என் கயிறு என் கால்ல மாட்டிக்கிச்சு. நான் பயந்துட்டேன்."

விளக்குகள் அவன் முகத்தை விட்டு இறங்கின. கூரையிலிருந்து சொட்டுகிற தண்ணீர் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. சிரிப்பு வரும் என்று ரீல் காத்திருந்தான். வந்திருந்தால் அதைப் பிடித்துக் கரையேறியிருப்பான்.

வவ்வால் கையிலிருந்த கிழிசலைப் பார்த்தான். தூக்கி எறியவில்லை. நன்றாகப் பிழிந்து பாறைமேல் விரித்து வைத்தான், யாராவது வந்து கேட்பார்கள் என்பதுபோல. பிறகு இடுப்பு முடிச்சை அவிழ்க்கப் பார்த்தான். விரல் விறைத்துப்போய் முடியவில்லை. ரீல் உதவ நீட்டிய கையை அவன் தள்ளவில்லை. கொஞ்சம் திரும்பிக்கொண்டு, அடுத்தவரிடம் முடிச்சைக் காட்டினான்.

"அக்காகிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க" என்றான்.

இடுக்கு வழியாக ரீல்தான் முதலில் வந்தான். அவன் முற்றத்தில் கரையேறி வாசலுக்கு வந்ததும் எல்லாரும் எழுந்தார்கள். "கிடைச்சானா?" என்று பூத்தொப்பி அம்மா ஓடி வந்தார்.

"இல்லம்மா. அப்படி யாரும் கிடையாது. நான் சொன்னது பொய்."

அந்த அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தார். "என்னது பொய்யா? நான் என் கண்ணால பாத்தேன்ப்பா! மஞ்ச டவுசர்! காதுல கம்மல்!" கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். "இவங்க மறைக்கப் பாக்குறாங்க! ஒரு பிள்ளையை உள்ள விட்டுட்டு, வரவே இல்லைங்கிறாங்க!"

ரீலின் பொய்யை ஒரே வார்த்தையில் நம்பியவர்கள் அவன் நிஜத்துக்குச் சாட்சி கேட்டார்கள். அவன் காலைத் தூக்கிக் கணுக்கால் தடத்தைக் காட்டினான். ஒற்றைக் காலில், ஈரம் சொட்ட, கயிறு எப்படி மாட்டியது, தான் எப்படி உதைத்தான் என்று நடித்துக்கூடக் காட்டினான். தையல் கம்பெனிப் பெண்களில் ஒருத்தி களுக்கென்று சிரித்து, பக்கத்தில் இருந்தவள் இடித்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். பூத்தொப்பி அம்மாவுக்கு நம்பிக்கை வரவே இல்லை. வேன் கிளம்பும்வரை குகையையே திரும்பித் திரும்பிப் பார்த்தார். டிக்கெட்டம்மா ஒலிபெருக்கியைத் தலைகீழாக மேசையில் வைத்துவிட்டு, அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

செருப்பக்கா தட்டின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவன் எதிரே போய் நின்றான். சொல்ல வேண்டியதை அவள் ஏற்கெனவே கேட்டுவிட்டாள். ஆனாலும் அவளுக்கென்று தனியாக மறுபடி சொன்னான். எந்த வார்த்தையையும் விடவில்லை, கூட்டவும் இல்லை. கொடிக்குப் பின்னால் நின்று சொன்னதையும் சேர்த்துச் சொன்னான்.

அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அப்ப செருப்புக் கணக்கு சரிதானா?"

"சரிதான்."

"எல்லா ஜோடியும்?"

"எல்லாம் சரிதான். நீ ஒண்ணும் விடல."

தலையை ஆட்டினாள். மணலைத் தட்டிக்கொண்டு எழுந்து, வவ்வாலுக்குத் துண்டு எடுத்துக்கொண்டு போனாள்.

ரீலை வேலையை விட்டு நீக்கவில்லை. நல்ல நீச்சல்காரன், ஆள் பற்றாக்குறை. வாலிலிருந்து தலைக்கு மாற்றினார்கள். தலையாக இருக்கிறவனுக்கு முன்னால் நீந்திப் போகத் தெரிந்தால் போதும். மைத்துனன்தான் இப்போது வால். பேச வேண்டியதைப் பேசுகிறான், மாமா என்றுதான் கூப்பிடுகிறான், தோள் காயம் ஆறித் தழும்பாகிவிட்டது. யாரும் அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை கிண்டல் செய்வதில்லை. ஒருநாள் டீக்கடையில் ரீலே ஆரம்பித்துப் பார்த்தான். "ஒரு மஞ்ச டவுசர்க்காரன் இருந்தான் பாருங்க..." என்று இழுத்தான். எல்லாரும் கிளாசுக்குள் பார்த்தார்கள். கடைக்காரர் மட்டும் இன்னும் கொஞ்சம் சர்க்கரை வேண்டுமா என்று கேட்டார்.

அதைக்கூட அவன் தாங்கிக்கொள்வான். தாங்க முடியாதது வேறு.

செருப்பக்கா முன்பெல்லாம் வருகிறவர்களின் முகத்தைப் பார்த்து, "வாங்க, இங்க விடுங்க" என்பாள். இப்போது முகத்தைப் பார்ப்பதில்லை. பாதத்தைப் பார்க்கிறாள். குழந்தையைத் தூக்கி வருகிறவர்களை நிறுத்தி, அந்தக் குழந்தையின் காலைத் தொட்டுப் பார்க்கிறாள். குனிந்து எதையும் அடுக்குவதில்லை. ஜோடிகள் கலைந்தே கிடக்கின்றன. கணக்கு சரிதான் என்று அவளுக்குத் தெரியும், அவன் வாயாலேயே கேட்டாள். இருந்தும் சாயங்காலம் தட்டு காலியான பிறகு "காலி" என்ற சொல் முன்போல அவள் வாயிலிருந்து வருவதில்லை. டிக்கெட்டம்மா சாவியோடு நிற்பார். அவள் குகை வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்ப்பாள்.

ரீல் அவளுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறான், தோள் உரசுகிற தூரத்தில். இப்போதுதான் உள்ளேயிருந்து வந்திருக்கிறான், தலைமுடிகூடக் காயவில்லை.

"யாரும் இல்ல" என்று அவனே சொல்கிறான். "நல்லாப் பாத்துட்டேன்."

"சரிங்க" என்கிறாள். பிறகு அவனைத் தாண்டி, அந்தக் கோடியில் கயிறு சுற்றிக்கொண்டிருக்கும் தம்பியைப் பார்த்துக் குரல் கொடுக்கிறாள்.

"தம்பி, உள்ள யாராவது இருக்காங்களா?"

"இல்லக்கா."

அதற்குப் பிறகுதான் டிக்கெட்டம்மாவுக்குத் தலையசைக்கிறாள்.